சத்தம் கேட்காமல் சாப்பிடும் சிப்ஸ்

கேள்வி:

எனக்கு 43 வயது. செங்கோட்டையில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கணவர் புனலூர் சந்தைக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிறவர். என் உயரம் 155 செ.மீ. போன வருடம் 78 கிலோ இருந்தேன். கொழுந்தன் கல்யாணத்துக்குள் எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று நாலே மாதத்தில் 66க்கு வந்தேன். காலையில் வெந்நீர் மட்டும், மத்தியானம் ஒரு கிண்ணம் ஓட்ஸ், ராத்திரி வெள்ளரிக்காய். கல்யாண வீட்டில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். இப்போது 80 கிலோ. சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் அதே பத்தியத்தை ஆரம்பித்திருக்கிறேன். பகல் முழுக்கத் தாக்குப் பிடித்துவிடுகிறேன். ராத்திரி பதினொன்றரைக்கு மேல், எல்லோரும் தூங்கிய பிறகு, அடுக்களையில் லைட் போடாமல் நின்றுகொண்டு, அவர் புனலூரில் இருந்து வாங்கி வருகிற நேந்திரம் சிப்ஸ் டின்னைத் திறக்கிறேன். மூடி சத்தம் போடாமல் இருக்க முந்தானையை வைத்துப் பிடித்துத் திறப்பேன். கடித்தால் மொறுமொறுவென்று கேட்கும் என்று வாயிலேயே ஊற வைத்துச் சாப்பிடுவேன். பாதி டின் காலியான பிறகுதான் கை நிற்கும். அப்புறம் அழுகை வரும். அத்தை ‘மறுபடியும் பழையபடி ஆயிட்டியே’ என்கிறார். எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா? மனதை அடக்க ஒரு வழி சொல்லுங்கள். எடை குறைய ஊசி வந்திருக்கிறதாமே, அதைப் போட்டுக்கொள்ளலாமா?

இன்னொன்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்போதெல்லாம் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகிறாள். கேட்டால், ‘நீ மட்டும் சாப்பிட்டியாம்மா?’ என்கிறாள்.

— பெயர் வேண்டாம், செங்கோட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சத்தம் கேட்கக் கூடாது என்று சிப்ஸை வாயில் ஊற வைத்துச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நேந்திரம் சிப்ஸின் ருசியே அந்த மொறுமொறுப்பில்தான் இருக்கிறது. அதைக்கூட விட்டுக்கொடுத்து, சொந்த வீட்டு அடுக்களையில், நீங்கள் துடைத்து வைத்த மேடைக்குப் பக்கத்தில், இருட்டில் நின்று சாப்பிடுகிறீர்கள். உங்கள் கடிதத்தில் எடையைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது.

இதை எழுதியதற்கு முதலில் நன்றி. தென்காசி வட்டாரத்தில் உளவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம் இதையே வேறு வேறு விதமாகச் சொன்னவர்கள் உண்டு. ஒருவர் வேலை முடிந்து வரும் வழியில் பிரானூர் பார்டரில் நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் இரண்டே சப்பாத்தியோடு எழுந்துவிடுவார். அவரும் உங்களைப் போலத்தான் கேட்டார்: ‘எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?’

உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு மிஷினில் உட்கார்ந்து, மூன்று வேளையும் வீட்டாருக்குச் சமைத்துப் பரிமாறி, ஒரு கிண்ணம் ஓட்ஸோடு இரவு வரை ஓட்டுகிறவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று யார் சொல்ல முடியும்? ராத்திரி பதினொன்றரைக்கு நடப்பது அந்தக் கட்டுப்பாட்டின் விளைவுதான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உடம்பும் மனசும் வேலை செய்கிற விதமே அப்படி.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 கடைசியில் தொடங்கி 1945 வரை ஒரு சோதனை நடந்தது. ஏன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி நடத்தினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். உடல்நலமும் மனநலமும் நன்றாக இருக்கிறவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரிதான் சாப்பாடு. எடையில் ஏறத்தாழ கால்பங்கு இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். மனசுக்கு நடந்ததுதான் நமக்கு வேண்டிய பாடம். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. அதற்கு முன்னால் அடுப்படிப் பக்கமே போகாத ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கனவு கண்டார்கள். சிறிய விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து ஒதுங்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டபோது, சிலர் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசி தீரவில்லை என்றார்கள்.

உங்கள் வெந்நீர், ஓட்ஸ், வெள்ளரிக்காயைக் கூட்டிப் பாருங்கள். அவர்களுக்குக் கொடுத்ததில் பாதிகூட வராது. அவர்களுக்குத் தைக்க வேண்டிய முகூர்த்த ரவிக்கைகளும் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு டப்பா கட்டும் வேலையும் இல்லை.

எடை இறங்கிய பிறகு உடம்புக்குள் நடப்பதையும் சொல்கிறேன். கொழுப்புச் செல்களில் இருந்து லெப்டின் என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. ‘இருப்பு போதும், பசி வேண்டாம்’ என்று மூளைக்குச் சொல்வது அதுதான். வயிற்றில் சுரக்கும் கிரெலின் பசியைத் தூண்டுகிறது. வேகமாக எடை இறங்கினால் லெப்டின் விழுகிறது, கிரெலின் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் 50 பேரைப் பத்து வாரக் கடும் பத்தியத்தில் வைத்து எடையை இறக்கி, தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தியம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்னைவிட அதிகமாகவே இருந்தது. நீங்கள் 66 கிலோவில் நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த நாளில், உங்கள் உடம்பு பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு கவளத்துக்கும் அலைந்துகொண்டிருந்தது. 66 மறுபடி 80 ஆன கதையில் பெரிய பங்கு இதற்குத்தான்.

ஆனால் உடம்பு மட்டும் என்றால் இரண்டு கை சிப்ஸோடு நின்றிருக்கலாம். பாதி டின் ஏன் காலியாகிறது? அந்த இடத்தில் ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. முதல் சிப்ஸை வாயில் போட்டதும், ‘சரி, இன்னைக்குப் போச்சு, நாளையிலிருந்து பாத்துக்கலாம்’ என்று தோன்றுகிறதா? பத்தியம் இருக்கிற அத்தனை பேருக்கும் தோன்றும். முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுவேதான். ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1975இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு பார்க்காத பெண்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டிலேயே இருந்த பெண்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம்தான் முறிந்துவிட்டதே, இனி என்ன என்ற எண்ணம்தான் காரணம்.

அதோடு சேர்த்து இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். 2007இல் வெளியானது. பத்தியம் இருக்கும் பெண்களுக்கு இனிப்பு டோனட் கொடுத்தார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும், ‘இதை எல்லோரும்தான் சாப்பிடுகிறார்கள், இதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்’ என்று கனிவாக ஒரு வார்த்தை சொன்னார்கள். பிறகு மிட்டாய் வைத்தபோது, அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கண்டிப்பாக இருந்தால்தான் அடங்கும் என்று நாம் நம்புகிறோம். நான் பார்த்த வரையில், தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவர்தான் மறுநாள் இரவும் டின்னைத் தேடிப் போகிறார். திட்டினால் அழுகை வருகிறது. அழுகை வந்தால் ஆறுதல் தேவைப்படுகிறது. அந்த நேரத்துக்குக் கைக்கு எட்டுகிற ஆறுதல் சிப்ஸ்தான்.

இப்போது அந்தப் பதினொன்றரை மணியைப் பற்றிப் பேசலாம். காலை எழுந்ததில் இருந்து உங்கள் நாளை நீங்கள் எழுதிய அளவுக்கு மனதில் ஓட்டிப் பார்த்தேன். சமையல், மிஷின், ரவிக்கை வாங்க வருகிறவர்கள், அத்தைக்கு வேண்டியது, மகளின் படிப்பு, லோடு இறக்கிவிட்டு வரும் கணவருக்குச் சாப்பாடு. யாரும் எதுவும் கேட்காத நேரம் அந்த நாளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இருட்டு அடுக்களையில் நிற்கிற அந்த இருபது நிமிடம். உங்களுக்கென்று அந்த நாளில் இருப்பது அது மட்டும்தான். அதை வெறும் தீனி என்று பார்த்தால் நிறுத்தவே முடியாது, ஏனென்றால் நீங்கள் சாப்பிடப் போவது பாதிதான், தனியாக இருக்கப் போவது மீதிப் பாதி.

அதனால் அந்த இருபது நிமிடத்தை வெட்டிவிடச் சொல்ல மாட்டேன். அதை முன்னால் கொண்டுவாருங்கள். ஒன்பது மணிக்கு மிஷினை மூடிவிட்டு வாசல் படியில் உட்காருங்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றைச் சாரல் மாதத்தில் அனுபவிக்க வெளியூர்க்காரர்கள் காசு செலவழித்துக் குற்றாலம் வருகிறார்கள். உங்களுக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது. அக்காவுக்கோ தோழிக்கோ போன் போட்டுப் பேசுங்கள். பேச விருப்பம் இல்லையென்றால் சும்மா உட்காருங்கள். ‘இந்த நேரம் அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது’ என்று வீட்டில் சொல்லி வையுங்கள். முதல் வாரம் யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். பதினொன்றுக்குள் படுத்துவிட முடிந்தால் இன்னும் நல்லது. தூக்கம் குறைந்தாலும் மறுநாள் லெப்டின் குறைந்து கிரெலின் கூடுகிறது என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் காலைச் சாப்பாடு. ராத்திரி சிப்ஸை நிறுத்துகிற வேலை காலை எட்டு மணிக்கு ஆரம்பிக்கிறது. மூன்று இட்லி, சாம்பார். அல்லது ஒரு துண்டு புட்டும் கடலைக் கறியும். ஒரு முட்டை இருந்தால் நல்லது. மத்தியானம் சோறு. பயந்துவிடாதீர்கள், சோறுதான் சொல்கிறேன். ஒரு கரண்டி குறைத்து, பொரியலையும் பருப்பையும் கூட்டி, மீன் இருந்தால் மீனும் வைத்துச் சாப்பிடுங்கள். சாயங்காலம் ஒரு கை சுண்டலோ வேர்க்கடலையோ. ராத்திரி எட்டுக்குள் இரண்டு தோசை. நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் இப்போதைக்குக் கணக்கு. சர்க்கரை பார்டரில் இருப்பதால், அளவை உங்கள் டாக்டரிடமோ அரசு மருத்துவமனையில் உள்ள உணவு ஆலோசகரிடமோ ஒரு தரம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நாள் எடை கொஞ்சம் கூடினாலும் கூடும். ராத்திரி வேட்டை தளரும்வரை அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிப்ஸை ஒதுக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் ஊர் முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். ஓணத்துக்கு அந்தப் பக்கத்து உறவு, பொங்கலுக்கு இந்தப் பக்கத்து உறவு என்று இரண்டு பக்கத்துச் சாப்பாடும் சேர்ந்துதான் உங்கள் வீடு. நேந்திரம் சிப்ஸை வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன் என்று சபதம் எடுத்தால், அதற்கு நீங்கள் வைக்கிற மதிப்புத்தான் கூடும். பதிலாக, கணவரிடம் டின் நிறைய வாங்க வேண்டாம், நூறு கிராம் பொட்டலம் போதும் என்று சொல்லுங்கள். சாயங்காலம் சாயா போடும்போது, லைட் எரிகிற இடத்தில், ஒரு தட்டில் கொட்டி, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நன்றாகக் கடித்துச் சாப்பிடுங்கள். எல்லோருக்கும் கேட்கட்டும்.

இதையெல்லாம் செய்தும் ஒருநாள் ராத்திரி டின்னுக்கு முன்னால் நின்றுவிட்டீர்கள் என்றால், மறுநாள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காலைச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுவது. ‘நேத்து தின்னதுக்கு இன்னைக்குப் பட்டினி’ என்று ஈடுகட்டப் பார்த்தால் அன்றைய ராத்திரியும் அங்கேதான் நிற்க வேண்டி வரும். அந்த ராத்திரியில் என்ன நடந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவையுங்கள். எவ்வளவு சாப்பிட்டேன் என்று வேண்டாம். மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், யார் என்ன சொன்னார்கள், எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும். மூன்று நாலு துண்டுகள் சேர்ந்தால் உங்களுக்கே ஒன்று பிடிபடும். ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார், அவருடைய துண்டுக் காகிதங்கள் எல்லாவற்றிலும் ‘பட்டன் கேட்டு அலைய வைத்த நாள்’, ‘அட்வான்ஸ் தராமல் போன நாள்’ என்று இருந்தது. அவரும் தையல் தொழில்தான். சாப்பாட்டைப் பற்றி ஒன்றுமே அதில் இல்லை.

தையல் என்றதும் இன்னொன்றைக் கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் போட்டிருக்கிற ரவிக்கை இப்போது எப்படி இருக்கிறது? 66 கிலோவில் இருந்தபோது பிடித்து வைத்த ரவிக்கையையே இழுத்து மாட்டிக்கொண்டு, கைக்குழியில் இறுக்கத்தோடு நாள் முழுக்க மிஷின் ஓட்டுகிறீர்களா? எடை குறைந்தால்தான் புதிது தைப்பேன் என்று இருக்கிறீர்களா? தையல் வேலை செய்யும் பெண்கள் சிலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். ஊரில் யார் வந்து ‘அக்கா, டைட்டாயிட்டு’ என்றாலும் முகம் சுளிக்காமல் பக்கத்துத் தையலில் ஒரு வரிசை பிரித்துக் கொடுத்துவிடுவீர்கள். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பீர்கள், உடம்பு கூடும் குறையும் என்பது உங்கள் தொழிலுக்கே தெரியும். வந்தவர்கள் ஒருவரையாவது நீங்கள் திட்டியிருப்பீர்களா? உங்கள் உடம்புக்கு மட்டும் ஏன் அந்த ஒரு வரிசைத் தையலை விட மாட்டேன் என்கிறீர்கள்? இந்த வாரமே, இன்றைய அளவு எடுத்து, பிடித்த நிறத்தில் நாலு ரவிக்கை உங்களுக்குத் தையுங்கள். மூச்சு விட இடம் இருந்தால் உடம்பை எதிரியாகப் பார்ப்பது குறையும். நான் இதைச் சிகிச்சையாகவே சொல்கிறேன்.

எடை மிஷினில் ஏறுவதை வாரம் ஒருமுறைக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். உப்பு, மாதவிடாய், முதல்நாள் கல்யாணச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ ஏறி இறங்கும், அது கொழுப்பில்லை. கடும் பத்தியத்தின் முதல் வாரம் மளமளவென்று இறங்குவதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதைவிட உங்கள் கழுத்தில் தொங்குகிற இஞ்சு டேப் நல்ல கருவி. மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை இஞ்சுக்கு மேல் போனால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் கவனம் தேவை என்று வைத்திருக்கிறார்கள். அங்கே உடனே போய்ச் சேர வேண்டியதில்லை. எடையில் ஐந்தில் இருந்து பத்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் பிரஷரிலும் நல்ல மாற்றம் தெரியும். உங்களுக்கு அது நாலில் இருந்து எட்டுக் கிலோ. ஒரு வருடம் எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு எப்போதும் நம்பிக்கை தருவது. சர்க்கரை பார்டரில் இருந்த 531 பேரை ஏறத்தாழ மூன்று வருடம் கவனித்தார்கள். நடைப்பயிற்சியும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு, ஒன்றும் சொல்லப்படாதவர்களைவிட, சர்க்கரை நோய் வருவது கால்பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவில்லை. இறங்காமலே பலன் கிடைத்தது. முள் நகரவில்லை என்று மனம் விடும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதும். மிஷினில் உட்கார்ந்தே இருக்கும் இடுப்புக்கு அது இரட்டிப்பு நன்மை.

அத்தையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்து ‘இளைச்சிட்ட’, ‘ஊதிட்ட’ என்று சொல்வதை நம் பக்கம் விசாரிப்பாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்கிறவர் மனம் நோகிறது, அமெரிக்காவில் செய்த ஆய்வில் அப்படிப் பேச்சும் ஒதுக்கலும் அனுபவித்தவர்களுக்குப் பின்னாளில் எடை கூடவே செய்தது. அமைதியான ஒரு நேரம் பார்த்து, ‘அத்தை, நீங்க எடையைப் பத்திச் சொன்னா அன்னைக்கு ராத்திரி எனக்கு ரொம்பக் கஷ்டமாயிருது, சொல்லாம இருங்களேன்’ என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஊசி விஷயம். மௌஞ்சாரோ, வெகோவி என்று 2025இல் இருந்து இந்தியாவில் கிடைக்கின்றன. மருந்துதான், மாயம் இல்லை. மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போட வேண்டியவை. நிறுத்திய பிறகு குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுப் பழக்கத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தைராய்டு ஒரு தரம் பார்த்துவிடுங்கள், வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதனால் எடை கூடுமா என்றும் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிக்கு வருகிறேன். ‘இன்னொன்று’ என்று போட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் விஷயம்.

பதினைந்து வயதில் காலைச் சாப்பாட்டை விடுகிற பெண் பிள்ளை, எடையைக் குறைக்கத்தான் விடுகிறாளா, பரீட்சைப் பதற்றமா, அம்மாவைப் பார்த்து வந்த வழக்கமா என்று தெரியவில்லை. ‘நீ மட்டும் சாப்பிட்டியாம்மா’ என்பது மூன்றாவது என்று காட்டுகிறது. உங்கள் வெந்நீர்க் காலையை அவள் போன வருடமும் பார்த்தாள், இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கல்யாண வீட்டில் அம்மாவைச் சூழ்ந்து நின்று பாராட்டியதையும் பார்த்திருக்கிறாள். எடை ஏறியதும் வீட்டில் என்ன பேச்சு என்பதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. பெண்ணாகப் பிறந்தவளுக்கு எது மதிப்பு என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லாமலே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். வளரும் வயதில் கடும் பத்தியம் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு உணவுக் கோளாறுகள் வருவதற்கும், பின்னாளில் எடை கூடுவதற்கும் வாய்ப்பு அதிகம் என்பதை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் சொல்கின்றன.

உங்கள் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. உங்களுக்கும் இதை யாரோ இப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இதில் உங்கள் கையில் இருக்கிற வேலை பெரிது, செய்வதற்கு எளிது. நாளைக் காலை அவள் சீருடை போட்டுக்கொண்டு வரும்போது நீங்கள் தட்டோடு உட்கார்ந்திருங்கள். பக்கத்தில் அவளுக்கும் ஒரு தட்டு இருக்கட்டும். ‘சாப்பிடு, சாப்பிடு’ என்று கெஞ்ச வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள். கேட்டால், ‘காலைல சாப்பிடாம இருந்தது அம்மா செஞ்ச தப்பு, அதனால உடம்பு கஷ்டப்பட்டுது’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவளுடைய எடையைப் பற்றியும், உங்கள் எடையைப் பற்றியும், டிவியில் வருகிற யாருடைய எடையைப் பற்றியும் அவள் முன்னால் பேசுவதை நிறுத்துங்கள். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்ப்பதையும்.

அவளுக்கு மாதவிடாய் தள்ளிப் போகிறதா, சாப்பிட்ட உடனே குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாளா, தலைசுற்றல், முடி கொட்டுவது, எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடாமல் நழுவுவது இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.

உங்களுக்கும் ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். கட்டுக்கடங்காமல், ஒளித்து, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்கு பிஞ்ச் ஈட்டிங் கோளாறு என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2013இல் இருந்து அது தனி நோயாகவே இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையில் நல்ல குணம் தெரியும். நீங்கள் எழுதியதை வைத்து அதைப் பரிசோதிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. தூண்டி வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம், இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே பேசுங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை கிலோ என்று எழுத வேண்டாம். காலையில் நீங்கள் இரண்டு பேரும் என்ன சாப்பிட்டீர்கள், ஒன்பது மணிக்கு வாசலில் உட்கார விட்டார்களா, புது ரவிக்கைகளுக்கு என்ன நிறம் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.